கடல் இறங்கும்வரை

ஜேசிபியின் பக்கெட்டை அவன் மணலில் இறக்கப்போன நேரத்தில் ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள்.

இடுப்புவரை நனைந்திருந்தாள். தோளில் மட்டிச் சிப்பி அள்ளும் வலைப்பை. காலியாக.

"அங்கன வெட்டாதிய. நடுவுல வெட்டுனா ஆறு மட்டிப் படுக்கையை அப்பிடியே வாரிக்கிட்டுப் போயிரும். தெக்க, பாறையோரமா வெட்டுங்க."

ஒரு பக்கம் கடல். மறுபக்கம் ஆறு. நடுவில், மாதக்கணக்காக அலைகள் கொண்டுவந்து குவித்த மணல் திட்டு.

மலையில் இரண்டு நாளாக மழை. போக வழியில்லாத ஆறு பின்னுக்கு ஏறி, கரையிலிருந்த நாற்பது வீடுகளின் படிகளைத் தொட்டுவிட்டது.

நடுவில் வெட்டச் சொல்லித்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் திட்டு ஒடுக்கம். தெற்கே இரண்டு மடங்கு அகலம்.

"அதுக்குள்ள தண்ணி வீட்டுக்குள்ள பூந்துட்டா?"

"மொத வீடு என் வீடுதான்."

அவன் வண்டியைத் திருப்பினான்.

தர்மபுரிக்காரன். பதினோரு வருடமாக மண் தோண்டுகிறான். அவன் ஊர்ப் பக்கத்து ஆறுகளில் தோண்டத் தோண்ட மணல்தான் வந்திருக்கிறது, தண்ணீர் வந்ததில்லை.

இங்கே, உட்கார்ந்த இடத்திலிருந்தே, அந்த ஆறு பிறக்கும் மலை தெரிந்தது. தலையைத் திருப்பினால் அது சேரும் கடல்.

அவ்வளவுதான் அதன் தூரம். காலையில் மலையில் விழுந்த மழை சாயங்காலம் இங்கே வந்துவிடுமாம்.

பாறையை ஒட்டி வெட்டினான். அவள் சொன்னது சரிதான். மற்ற இடங்களில் அலை மண்ணைத் திருப்பிக் கொண்டுவந்து கொட்டியது. பாறையோரம் வெட்டின பள்ளம் வெட்டினபடியே கிடந்தது.

கடைசி ஒரு முழம் மிச்சமிருந்தபோது அவள் கையைத் தூக்கினாள். கடல் இறங்க வேண்டுமாம். இப்போது திறந்தால் கடல்தான் உள்ளே வரும்.

காத்திருந்தார்கள்.

அவள் வீட்டின் இரண்டாவது படி முங்கியது. அவன் பார்த்தான். அவள் பார்க்கவில்லை. அலை விட்டுப்போன ஈரக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடு நன்றாகக் கீழே இறங்கியதும் அவன் பக்கெட்டைத் தூக்கினான். வேண்டாமென்று தலையசைத்து, அவளே குதிகாலால் மணலில் ஒரு கோடு கிழித்தாள்.

"மிச்சத்த அது பாத்துக்கிடும்."

விரல் அகலத்துக்குத் தண்ணீர் ஓடியது.

கை அகலம்.

மணல் பாளம் பாளமாகச் சரிந்து விழுந்தது. அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். மறுபடி எடுத்தான். மூன்றாம் முறை எடுத்து நிறுத்தியபோது, அவன் முதலில் நின்ற இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

செந்நிறத் தண்ணீர் நீலத்துக்குள் விசிறிபோல் விரிந்தது. எங்கிருந்தோ ஆலாப் பறவைகள் வந்து அதன் விளிம்பில் விழுந்து விழுந்து எழுந்தன. ஓட்டத்தை எதிர்த்து மடவை மீன்கள் துள்ளித் துள்ளி உள்ளே ஏறின. இத்தனை நாளும் அவை திட்டுக்கு வெளியே காத்துக் கிடந்திருக்க வேண்டும்.

பதினோரு வருடத்தில் அவன் தோண்டிய எதுவும் இப்படி எழுந்து ஓடியதில்லை.

சாயங்காலத்துக்குள் நாற்பது வீடுகளின் படிகளும் வெளியே வந்துவிட்டன. அவள் திட்டின் நடுப்பக்கம் ஆற்றில் இறங்கி, கால் விரலால் அடியைத் துழாவினாள். குனிந்து ஒரு மட்டியை எடுத்தாள். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுத் திரும்பப் போட்டாள்.

அவன் செல்போன் அடித்தது. ஊரிலிருந்து மனைவி மாதம்மா.

"என்ன அங்க இப்படி எரையுது? மழையா?"

"மழையில்ல. ஆறு."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது.

"நீ ஒண்ணும் பேசாத," என்றாள் மாதம்மா. "போன அப்படியே அது பக்கமா புடி."