காலண்டருக்குப் பின்னால்

மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டுதான் ராஜாமணி அந்த வீட்டுக்குள் காலை வைத்தாள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு மாற்றலாகி வந்த ஹெட்கிளார்க்கின் மனைவி. வாடகை வீடு பார்ப்பதில் தன்னை ஏமாற்ற இனி ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

வீட்டுக்காரர் சுப்பராயலு குழைந்துகொண்டே பின்னால் வந்தார். ஏற்றிக் கேட்ட வாடகையைக் கொடுக்க முடியாது என்றுவிட்டாள் குடியிருக்கும் அம்சா. ராஜாமணிக்கு வீடு பிடித்துவிட்டால், வைகாசி பிறப்பதற்குள் அம்சாவும் புருஷன் மாசிலாமணியும் பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ராஜாமணி நேரே அடுப்பங்கரைக்குப் போய் உப்பு ஜாடியைத் திறந்தாள். வீட்டின் யோக்கியதை உப்பில் தெரிந்துவிடுமாம். உப்பு கூழாகக் கிடந்தது. உதட்டைப் பிதுக்கினாள்.

கூடத்தில் அம்சா ஒரு காலண்டரை மறைத்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். இங்கே ஒன்றும் இல்லைங்க என்று முனகினாள்.

"தள்ளி நில்லு."

ராஜாமணி காலண்டரைத் தூக்கினாள். பின்னால் தாம்பாளம் அகலத்துக்கு ஓதம். தொட்டதும் சுண்ணாம்பு கையோடு வந்தது. பீரோவை நகர்த்தச் சொல்லிப் பார்த்தாள், அங்கேயும் ஈரம். முகர்ந்துவிட்டுக் குமட்டினாள்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்கறியா? தை பொறந்ததிலேர்ந்து ஒரு தூத்தல் இல்ல. இந்த வெயில்லியே சொவரு இப்படி ஊறிக்கினு நின்னா, ஐப்பசியில என்ன கதி? மனுஷங்க இருக்கற வீடா இது?"

பங்குனியில் வெள்ளையடித்தபோது இதெல்லாம் இல்லையே என்று சுப்பராயலு வாய் குழறினார். அவர் பேச்சை யார் கேட்டார்கள்? கூட்டேரிப்பட்டு மாட்டுக்கொட்டகை இதைவிடத் தேவலாம் என்று சொல்லிவிட்டு ராஜாமணி ஜட்காவில் ஏறிவிட்டாள். அம்சா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

சுப்பராயலுவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டைப் பாழாக்கிவிட்டாய் என்று அம்சாவைக் கண்டபடி திட்டினார். சாயங்காலம் வேறொரு குடும்பத்தை அழைத்துவருவதாக உறுமிவிட்டுப் போனார்.

அம்சா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்த மாசிலாமணி, அந்தம்மா கண்டுபிடித்தாளா என்று கேட்டான். அம்சாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும், அந்தக் கோணிய இன்னொரு தபா நனைச்சி சொவத்துல சாத்துங்க."