வலப்பக்க வயர்

ஸ்டாண்டு போடக்கூடப் பொறுமை இல்லாமல் வண்டியை என் மேல் சாய்த்துவிட்டு, பட்டறையில் இருந்த ஒரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"மச்சான், ரைட் இண்டிகேட்டர் எரியல. இப்போ வர்ற வழியில லாரிக்காரன் ஒருத்தன் பின்னாலயே வந்து இடிக்கப் பார்த்தான். சீக்கிரம் பாருங்க, வீட்டுக்குப் போகணும்."

இடித்துத் தொலைத்திருக்கலாமே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு வருத்தமும் இல்லை.

தங்கச்சி புருஷன். வாய் நிறைய மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறேன், வயிறு எரிகிறது. போன மாதம் கொளுத்தும் வெயிலில் அவள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு வந்தாள். தெரியாமல் கையைப் பிடித்துவிட்டேன், துடித்துப்போனாள். இவன் சட்டையைப் பிடிக்கக் கிளம்பிய என்னை அவள்தான் மறித்தாள். இங்கே நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் அங்கே எனக்குத்தான் விழும் அண்ணா என்றாள். அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு இவனுக்கு ஆயில் மாற்றிக் கொடுக்கிறேன்.

ஸ்விட்சை இடது பக்கம் தள்ளினேன். முன்விளக்கும் பின்விளக்கும் மின்னின. பஸ்ஸர் கீங் கீங் என்று கத்தியது. அப்படியென்றால் விளக்கை மின்ன வைக்கிற ரிலே நன்றாக இருக்கிறது. வலது பக்கம் தள்ளினேன். விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை.

பல்புகளைக் கழற்றி நேராக பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். எரிந்தன. ஸ்விட்சைப் பிரித்தேன். உள்ளே பொட்டு அழுக்கு இல்லை. மிச்சம் இருப்பது வயர்தான்.

அவன் போனை நோண்டிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தான். வண்டியைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் மெக்கானிக் எல்லோரும் திருடர்கள் என்பான், அதையும் என் எதிரிலேயே சொல்வான்.

ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே கையை விட்டேன்.

வலப்பக்க வயர் பிளேடால் அறுபட்டிருந்தது. அறுத்த முனையில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி சுற்றியிருந்தது. எலி கடித்துவிட்டு பிளாஸ்திரி ஒட்டாது. தொழில் தெரிந்தவன் எவனும் வயருக்கு அதை ஒட்ட மாட்டான்.

"இதுல யாரு கை வெச்சது மாப்பிள்ளை?"

போனிலிருந்து தலையைத் தூக்கிச் சிரித்தான்.

"நான்தான், காலைல. அந்தச் சத்தம் மட்டும் நிக்கட்டும்னு அறுத்தேன், லைட்டும் சேர்ந்து போயிடுச்சு. லைட்டை மட்டும் சரி பண்ணிக் குடுங்க."

பஸ்ஸருக்குப் போகும் வயர் தனியாகப் பிரிகிறது. மடையன், அது பிரிவதற்கு முன்னாலேயே அறுத்திருக்கிறான். இரண்டு முனையையும் சேர்த்து முறுக்கி டேப் ஒட்டினால் தீர்ந்தது. அவ்வளவு சத்தம் பிடிக்கவில்லையென்றால் பஸ்ஸரையே கழற்றிவிடட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம், லெஃப்ட்ல இருக்கட்டும். ரைட்ல மட்டும் வரக்கூடாது."

கையில் இருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது.

சத்தம் பிடிக்காதவன் ஒரு பக்கத்தை மட்டும் எதற்கு விட்டு வைக்கிறான்? மெயின் ரோட்டிலிருந்து இவன் வீட்டுச் சந்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும்.

அந்த பஸ்ஸரை மாட்டியது நான். மாட்டச் சொன்னது தங்கச்சி. இருப்பதிலேயே சத்தமாகப் பார்த்துப் போடச் சொன்னாள். ரோட்டில் போகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள் என்று இவனிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் சொன்ன காரணம் வேறு. சந்து முனையில் அது கத்தியதும் பிள்ளைகளை மாடி வீட்டு அக்காவிடம் ஓடச் சொல்லிவிட்டு, அவள் மட்டும் வந்து கதவைத் திறந்துவிடுவாளாம். விழுகிற அடி தன்னோடு போகட்டுமாம்.

பாவி கண்டுபிடித்துவிட்டான்.

இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் திரும்பப் போகிறான். பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருக்கும். ஸ்பேனரை அவன் மண்டையில் போட்டுவிடலாமா என்று வந்தது. போட்டுவிட்டு நான் உள்ளே போனால் அப்புறம் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்?

"அடக்கடவுளே, வயரிங் பூரா சூடேறிக் கெடக்கு மாப்பிள்ளை. இப்படியே எடுத்துட்டுப் போனா நடுரோட்டுல தீப்பிடிச்சிடும்" என்றேன்.

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. இது நன்றாகவே வந்தது. கிளம்ப எழுந்தவன் உயிர் மேல் இருக்கிற ஆசையில் மறுபடியும் உட்கார்ந்தான். நான் சீட்டைக் கழற்றினேன். டேங்கைக் கழற்றி ஒரு மூலையில் வைத்தேன். வயர்களை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டேன்.

டேப் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளறைக்குப் போய் அவளுக்குப் போன் போட்டேன்.

"பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு இப்பவே பஸ் ஏறும்மா. அண்ணியோட அம்மா வீட்டுக்குப் போயிடு. துணிமணி எதுவும் எடுக்காத. அவன் வண்டி இங்க பிரிஞ்சு கெடக்கு."

 அவள் சின்னவனைச் செருப்பு மாட்டச் சொல்வது கேட்டது.

வெளியே வந்தேன். இன்னும் எவ்வளவு நேரம் என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

இதோ ஆயிற்று என்று சொல்லிவிட்டு, முன்சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன்.