பதினெட்டு யூனிட்

பூட்டிக் கிடந்த வீட்டில் ஒன்பது மணி நேரமாக வாட்டர் ஹீட்டரை யாரும் அணைக்கவில்லை. மாலையில் மகளோடு வீடு திரும்பிய அப்பா, சுவிட்சைப் பார்த்ததும் கொதித்துப்போனார்.

“ரெண்டாயிரம் வாட், ஒன்பது மணி நேரம். பதினெட்டு யூனிட் காத்தோட போச்சு. உன் கம்பெனியில பாதி விலைக்குக் கொடுத்தாங்கன்னு கொண்டுவந்து மாட்டினியே, நாளைக்கே கழட்டித் திருப்பிக் கொடு.”

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். “அவ்வளவு ஆகாதுப்பா. தண்ணி சூடானதும் அதுவே நின்னுடும், ஆறினாத்தான் திரும்ப ஓடும். ரெண்டு யூனிட் தாண்டாது.”

“எனக்கே கணக்குச் சொல்றியா? வா, மீட்டரைப் பார்ப்போம். தாண்டியிருந்தா இது இந்த வீட்டுல இருக்காது.”

“சரிப்பா.” செருப்போடு அவர் பின்னால் போனாள்.

காலையில் மீட்டரைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. இப்போது கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். ஃபிரிட்ஜையும் சேர்த்து ஒன்றே முக்கால் யூனிட்தான் ஏறியிருந்தது.

கோபம் போன இடம் தெரியவில்லை. “அடேயப்பா, சூட்டை என்னமா பொத்தி வச்சிருக்கு. இதைச் செஞ்சது கெட்டிக்கார ஆளுதான். நாளைக்குப் பார்த்தா நான் பாராட்டினேன்னு சொல்லு.”

“அந்த ஆளு கேட்டாச்சுப்பா.”

“எப்போ?”

“இப்பத்தான். காலையில வேணும்னேதான் அணைக்காம போனேன். உங்க மீட்டர்ல பாஸானா உங்ககிட்ட சொல்லலாம்னு இருந்தேன்.” முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். “இந்த ஹீட்டரை வடிவமைச்சது நான்தாம்ப்பா.”