கறி மாதிரி

காளானை யார் சாப்பிட்டாலும் "அப்படியே கறி மாதிரி இருக்கு" என்றுதான் சொல்வார்கள். காளான் மாதிரி இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளக் காளான் பழகியிருந்தது.

ஒருநாள் ரோஸ்லின் மாட்டுக்கறியை வெங்காயமும் மிளகும் போட்டு ஒன்றரை மணி நேரம் வேகவைத்தாள். பிறகு நறுக்கிய காளானை அள்ளி அதே சட்டியில் போட்டாள். நிஜமான கறியைக் காளான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வணக்கம் அண்ணே, நானும் கறி மாதிரிதான்" என்றது.

நடுவில் கிடந்த பெரிய கறித்துண்டு அதை மேலும் கீழும் பார்த்தது. "மாதிரியா? கொழுப்பு இருக்கா? நரம்பு இருக்கா? போ தம்பி, ஓரமா நில்லு."

காளானின் முகம் சுருங்கியது. சூட்டில் உடம்பும் பாதியாகச் சுருங்கிப்போயிருந்தது.

ரோஸ்லின் அடுப்பைத் தணித்து கிரீமை ஊற்றிக் கிளறினாள். வாசனை தாங்காமல் வந்த அவள் கணவன் இன்னாசி, முள்கரண்டியால் ஒரு சின்னக் கறித்துண்டைக் குத்தி வாயில் போட்டுக்கொண்டான்.

"கறி வெந்திருக்கா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

"வெந்திருக்காவா! மெத்து மெத்துன்னு அப்படியே காளான் மாதிரி இருக்கு!"

பெரிய கறித்துண்டு மெல்லக் கிரீமுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

காளான் ஓரத்திலிருந்து நகர்ந்து அதன் பக்கத்தில் வந்தது.

"முதல்ல கஷ்டமாத்தான் இருக்கும் அண்ணே" என்றது. "போகப் போகப் பழகிடும்."