நாலாவது ராஜா

இத்தாலியில் பிரபுப் பட்டமெல்லாம் செல்லாது என்று சட்டம் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனாலும் 'மார்க்கேசே' என்று கூப்பிடாவிட்டால் பாண்டோல்ஃபோ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். போன கோடையில் ஃபெராரா பந்தயத் திடலில் குதிரை அவரைக் குப்புறத் தள்ளியது. ஊரே பார்த்துச் சிரித்தது. முகத்து வீக்கம் வடிவதற்குள் மறுபடி மீசையை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருடைய மாளிகையின் கீழ்த்தளத்தில்தான் ஒர்சோலாவின் பட்டறை. பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கிறவள். பரம்பரைச் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டார். கையால் வரைந்து தங்கம் பூசிய ஐநூறு வருஷத்துச் சீட்டுகள். நாலு ராஜாக்களில் வாள் ராஜாவை மட்டும் காணோம்.

"புதுசா வரைஞ்சு சேர்த்துடு. முழுக்கட்டா இருந்தாத்தான் ஏலத்துல எடுப்பான்."

"வரையலாம் மார்க்கேசே. ஆனா புதுசுன்னு தெரியற மாதிரி மெல்லிசா கோடு கோடா நிரப்பறதுதான் எங்க வழக்கம். இல்லேன்னா அது மோசடி."

"அடேயப்பா, பாதிரியாரே தோத்தார் போ! கோடு கீடு தெரிஞ்சுதோ, அன்னிக்கே பட்டறையைக் காலி பண்ணிடணும்."

இந்தப் பட்டறையை விட்டால் ஒர்சோலாவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"இன்னொண்ணு. இதுல இருக்கற ராஜாவெல்லாம் எங்க வம்சம். மூக்கைப் பாத்தாலே தெரியும். நான் உக்கார்றேன், என்னைப் பாத்தே வரை."

"உள்ளது உள்ளபடியே வரையட்டுமா?"

"மயிரிழைகூடப் பிசகக் கூடாது!"

வரைந்தாள். பழுப்பேற்றினாள், ஓரங்களைத் தேய்த்தாள். கோடு ஒன்றுகூட இல்லை. சே, இவளும் இவ்வளவுதானா!

ஏலக்காரர்களின் நிபுணர் சில்வானோ பூதக்கண்ணாடியோடு வந்தார். வாள் ராஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பிரமாதம். ஒரு குறையும் தெரியலை" என்றார்.

அதோடு மார்க்கேசே வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பாண்டோல்ஃபோவுக்குப் பெருமை தாங்கவில்லை. சீட்டைப் பிடுங்கித் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டார்.

"மூக்கைப் பாருங்க சார்! அச்சு அசல் நானேதானே?"

சில்வானோ பார்த்தார். பிறகு மற்ற மூன்று ராஜாக்களையும் எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார். ஒர்சோலா ஒரு மூலையில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அச்சு அசல்தான், மார்க்கேசே. ஆனா இவங்க மூணு பேருக்கும் மூக்கு நேரா இருக்கே? போன கோடையில குதிரை தள்ளி உங்க மூக்கு கோணப்போறது, இந்த ராஜாவுக்கு மட்டும் ஐநூறு வருஷத்துக்கு முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"