கேட்கிற முகம்

“அசையாதீங்க. நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு படம். அப்புறம் உங்க வழி உங்களுக்கு, என் வழி எனக்கு.”

“ம்… சீக்கிரம்” என்றான் கணவன். இரவு வேலை முடிந்து வந்தவன் சீருடையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாசலில் அவள் பெட்டி தயாராக நின்றது. அக்கா வீட்டுக்கு.

அவள் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் முகங்கள் வரைகிறவள். ஊரில் உள்ள முகமெல்லாம் வரைந்தாயிற்று, கட்டியவன் முகம்தான் பாக்கி. அவன் வீடு திரும்பும்போது அவள் வேலைக்குக் கிளம்புவாள். அவள் திரும்பும்போது அவன் கிளம்புவான்.

தூரிகையை மையில் தோய்த்தாள். முதல் தாளில் வந்தது வெறும் மூக்கும் மீசையும். கிழித்துப் போட்டாள்.

“நான் வாயைத் திறந்தாலே டிவி சத்தத்தைக் கூட்டுவீங்க. இன்னைக்காவது கேளுங்க. போன மாசம் காய்ச்சல்ல சுருண்டு கிடந்தேன். ‘சாப்பாடு எங்கே’ன்னுதானே கேட்டீங்க? அதை எப்படிங்க மறக்கிறது?”

அவன் குறுக்கே பேசவில்லை. கைபேசியைத் தொடவில்லை. கண்கள் அவள் மீதே நிலைத்திருந்தன. அவள் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். வாய் பேசப் பேச, கை தானாக ஓடியது.

அப்போது அவன் இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு உருண்டு மீசையில் தங்கியது.

பாறையும் கசியுமா! அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு அந்தச் சொட்டையும் ஒரே கோட்டில் பிடித்தாள். அவள் இதுவரை வரைந்ததிலேயே உயிருள்ள முகம் அது. எழுந்து போய்ப் பெட்டியை வீட்டுக்குள் இழுத்து வைத்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றான். அவனும் கணவனும் ஒரே ஆலை, ஒரே ஷிஃப்ட். உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணன் டிபன் பாக்ஸை ஆலையிலேயே விட்டுட்டாரு அண்ணி. எழுந்ததும் குடுத்துருங்க.”

“எழுந்ததுமா? முழிச்சுக்கிட்டுத்தானே இருக்காரு?”

“அட, உங்ககிட்ட சொல்லலையா? சூப்பர்வைசரை ஏமாத்த நாங்க பழகின வித்தை, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே தூங்குறது. என்ன, கண்ணு காஞ்சு தண்ணி கொட்டும். அது ஒண்ணுதான் தொல்லை.”

அவள் தூரிகையை எடுத்து, ஈரம் காயாத படத்தில் இரண்டே கோடுகளில் இமைகளை மூடினாள். பிறகு, அவன் தூக்கம் கலையாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.