எம லிங்கத்தைத் தாண்டி

"எம லிங்கத்தைச் சரியாக் கும்பிட்டேனா?"

கிரிவலம் முடித்து வீட்டுக்கு வந்தாலும் தனம் மறுபடியும் மலைப் பாதையிலிருக்கும் அந்தச் சன்னதிக்கே ஓடுவாள். ஒரு கும்பிடு குறைந்தாலும் புருஷன் செத்துவிடுவான் என்ற பயம். ஊர் அதைப் பக்தி என்றது. புருஷன் காசிதான் இரண்டு மாதமாக அலைந்து வேங்கிக்காலில் ஒரு மனநல டாக்டரைப் பிடித்தான்.

டாக்டர் சொன்னபடி இன்று கும்பிடாமலே தாண்டி வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றாள்.

"குத்துக்கல்லாட்டம் இருக்கேன், பாரு!"

வருஷக்கணக்கில் மறந்திருந்த சிரிப்பு அவள் முகத்தில் வந்தது.

அவள் அடுப்படிக்குப் போனதும் காசி பீரோவிலிருந்து தன் புற்றுநோய் ரிப்போர்ட்டை எடுத்தான். தான் போன பிறகு அவள் கண்ணில் படட்டும் என்று, இரண்டு மாதத்துக்கு முந்தைய அதன் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டான்.

அவள் ஒரு கும்பிடுகூடத் தவறவிடாத மாதம் அது.